ஆர்50-உம் 24 மெகாபிக்சல், ஆர்6 மார்க் 2-உம் 24 மெகாபிக்சல்: மூன்று மடங்கு விலை எதற்கு?

புதுக்கண் | 4 ஆகஸ்ட் 2024, காலை 10.12

கேனன் ஆர்50, கேனன் ஆர்6 மார்க் 2. இரண்டும் 24.2 மெகாபிக்சல். இரண்டிலும் டிஜிக் எக்ஸ் பிராசசர், கண்ணைப் பிடித்துக்கொள்ளும் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் 2. இரண்டும் நொடிக்கு 12 படம். எடை 375 கிராம், 670 கிராம். விலை மட்டும் மூன்று மடங்குக்கும் மேல். கல்யாண வேலையில் இறங்க நினைக்கிறேன். ஆர்50 வாங்கி மிச்சத்தை லென்ஸில் போட்டால் என்ன குறைந்துவிடும்? 'ஃபுல் ஃப்ரேம் லுக்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கருப்புத்துணி | 4 ஆகஸ்ட், மதியம் 1.40

பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100-இல் எடுத்து 12x18 ஆல்பம் தாளில் அடித்தால் எது எந்தக் கேமரா என்று லேப்காரருக்கும் தெரியாது. வெளிச்சம் இறங்கும்போதுதான் பிரச்சினை ஆரம்பம். அங்கேயும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

ஆர்50 சென்சார் சின்னது, க்ராப் 1.6, அதாவது நீள அகலம் 1.6 மடங்கு குறைவு. பரப்பளவில் ஆர்6 மார்க் 2-இன் ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சார் 2.56 மடங்கு பெரிது. ஸ்டாப்பில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) சொன்னால் ஒன்றே மூன்றில் ஒன்று. ஆர்50 ஐஎஸ்ஓ 3200-இல் காட்டும் நாய்ஸை (படத்தில் வரும் புள்ளிகளை) ஆர்6 மார்க் 2 கிட்டத்தட்ட 8000-இல்தான் காட்டும்.

அடுத்து லென்ஸ். ஆர்50-உடன் வரும் 18-45 கிட் லென்ஸை 45-க்குத் தள்ளினால் எஃப்/6.3. இந்த எண் சிறிதாக ஆக லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதிகம். மண்டபத்துக்குள் ஷட்டர் 1/125 நொடி வைத்தால் அது ஐஎஸ்ஓ 6400 கேட்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் எஃப்/2.8 இருந்தால் 1250 போதும். அது இரண்டே மூன்றில் ஒரு ஸ்டாப். சென்சார் கொடுப்பதைவிட லென்ஸ் கொடுப்பது ஒரு முழு ஸ்டாப் அதிகம்.

இதைத் திருப்பியும் பாருங்கள். கையில் இருந்த பணம் முழுக்க ஆர்6 மார்க் 2-க்கே போய், அதில் 24-105 எஃப்/4-7.1 மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் ஆர்50-இல் சிக்மா 56 எஃப்/1.4 மாட்டியவர். முகம் மட்டும் எடுக்கும் தூரத்தில், சென்சார் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் ஆர்50-காரர் மூன்று ஸ்டாப் முன்னால்.

அரைஸ்டாப் | 4 ஆகஸ்ட், மாலை 6.05

அண்ணே, 2.8 லென்ஸை ஆர்50-ல போட்டா அது 4.5 ஆயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே. அப்ப உங்க கணக்கு இடிக்குதே?

கருப்புத்துணி | 4 ஆகஸ்ட், மாலை 6.30

இடிக்காது. எக்ஸ்போஷருக்கு 2.8 எந்த பாடியிலும் 2.8தான். ஷட்டர், ஐஎஸ்ஓ எதையும் மாற்ற வேண்டியதில்லை. 4.5 என்பது பின்னணி எவ்வளவு மங்கும், மொத்தத்தில் எவ்வளவு நாய்ஸ் வரும் என்பதற்கான ஒப்பு. அந்த ஒன்றே மூன்றில் ஒரு ஸ்டாப்பை சென்சார் கணக்கில் நான் ஏற்கெனவே கழித்தாயிற்று. லென்ஸிலும் கழித்தால் ஒரே கடனுக்கு இரண்டு தடவை வட்டி கட்டுவதுபோல.

எழுபது_இருநூறு | 5 ஆகஸ்ட், காலை 7.20

கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறது. படம் எப்படி வரும் என்பதா விஷயம்? கார்டு செத்தால் என்ன செய்வீர்கள்? ஆர்50-இல் ஒரே கார்டு ஸ்லாட், யுஎச்எஸ்-1 (கார்டின் வேக ரகம், யுஎச்எஸ்-2 அதைவிட வேகம்). ஆர்6 மார்க் 2-இல் இரண்டு, இரண்டும் யுஎச்எஸ்-2. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. காசு வாங்கிக்கொண்டு எடுப்பவன் ஒற்றை ஸ்லாட்டோடு மணவறை ஏறக் கூடாது.

கருப்புத்துணி | 5 ஆகஸ்ட், காலை 11.15

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இரண்டு ஸ்லாட் இருப்பதும் இரண்டிலும் எழுதுவதும் வேறு வேறு. பெட்டியிலிருந்து எடுத்த ஆர்6 மார்க் 2 ஒரு கார்டில்தான் எழுதும். மெனுவில் ரெக்கார்ட் ஃபங்ஷன் போய் 'ரெக் டு மல்டிபிள்' வைக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் 'ஆட்டோ ஸ்விட்ச்' முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததுக்குத் தாவும், அவ்வளவுதான். அதை வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாகத் திரிபவர்கள் ஏராளம்.

இரண்டு கார்டும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்று யுஎச்எஸ்-2, இன்னொன்று பழைய யுஎச்எஸ்-1 என்றால் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் இடம்) மெதுவான கார்டின் வேகத்தில்தான் காலியாகும்.

ஆர்50-இல் கார்டு, பேட்டரி மூடிக்குள், அடிப்பக்கம். ட்ரைபாட் பிளேட்டை மாட்டினால் பெரும்பாலும் மூடியை மறித்துவிடும். கார்டு மாற்ற பிளேட்டைக் கழற்ற வேண்டும், காசு போட்டுத் திருக வேண்டும், அதற்குள் அட்சதை போட்டு முடித்திருப்பார்கள். சின்ன பிளேட் வாங்கி மூடியின் எதிர்ப் பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள்.

கருப்புத்துணி | 5 ஆகஸ்ட், மதியம் 12.02

விட்டுப்போனது: 'இரண்டும் நொடிக்கு 12'. எத்தனை நொடிக்கு என்று கேளுங்கள். ஆர்50-இல் ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) வைத்து அழுத்திப் பிடித்தால் ஏழெட்டுப் படத்தில் மூச்சு முட்டும், முக்கால் நொடிகூட இல்லை. சி-ரா (சுருக்கிய ரா) வைத்தால் அதில் இரட்டிப்பு, ஜேபெக் என்றால் நாற்பது சொச்சம். யுஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் தேறாது, ஸ்லாட்டின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. ஆக ஆர்50-க்கு சி-ரா, கெட்டிமேளம் கேட்டதும் மூன்று நான்காக விட்டு விட்டு அழுத்துவது. விரலை எடுக்காமல் பிடித்தால் மூன்றாவது முடிச்சு போடும்போது கேமரா 'பிஸி' என்று நிற்கும்.

அரைஸ்டாப் | 5 ஆகஸ்ட், இரவு 9.48

ரிசப்ஷன் மேடையில எல்இடி வால் (பெரிய திரை) வெச்சா படத்துல பட்டை பட்டையா வருதே, அது எந்த கேமரால வராது?

கருப்புத்துணி | 6 ஆகஸ்ட், காலை 8.30

இதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு.

முதலாவது மண்டபத்து விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான ட்யூப், எல்இடி பல்ப் எல்லாம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், ஒரு சுற்று 10 மில்லி செகண்ட். ஷட்டர் 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒரே வெளிச்சம். 1/250 வைத்தால் சுற்றில் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஒரு படம் பளிச், அடுத்தது மஞ்சள் பாரித்து மங்கல். அதற்குத்தான் ஆன்டி-ஃப்ளிக்கர். விளக்கு உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து கேமரா தட்டும். பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு நூலிழைத் தாமதம் வரும், தொடர் வேகமும் குறையும். இரண்டு கேமராவிலும் இது உண்டு. ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே வரி வரியாக வாசிப்பது) உதவாது.

எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் பட்டை அதிகம் விழும். ஆர்6 மார்க் 2 சென்சாரை மேலிருந்து கீழ்வரை வாசித்து முடிக்க ஏறக்குறைய 15 மில்லி செகண்ட். அதற்குள் விளக்கு ஒன்றரை சுற்று முடித்துவிடும். ஆர்50 அதைவிட மெதுவாக வாசிக்கும், அதனால் பட்டைகளும் அதிகம்.

இரண்டாவது எல்இடி வால். அது மின்சாரத்தின் தாளத்தில் மின்னுவதில்லை. பேனலுக்கென்று தனி வேகம், 1920 அல்லது 3840 ஹெர்ட்ஸ் என்று வாடகைக்காரரே சொல்வார். வேகமான ஷட்டர் வைத்தால் அதன் துண்டு விழும். 1/60-1/100-க்கு இறங்கினால் பல சுற்றுகள் கலந்து பட்டை கரையும். ஆர்6 மார்க் 2-இல் எச்எஃப் ஆன்டி-ஃப்ளிக்கர் என்று கூடுதலாக ஒன்று உண்டு, 1/50-இலிருந்து 1/8192 வரை ஷட்டரைத் தசமப் புள்ளி அளவில் நகர்த்தலாம். திரையைப் பார்த்தபடியே பட்டை மறையும் வரை திருகினால் போதும். ஆர்50-இல் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகத்தான் நகரும், கிடைத்த இடத்தில் சமாளிக்க வேண்டியதுதான்.

ஃப்ளாஷ் அடித்தால் ஜோடியின் முகம் தப்பும், பின்னால் வால் தப்பாது. வாலில் மீன் செதில்போல நெளி நெளியாக வந்தால் அது ஃப்ளிக்கரே இல்லை, மொய்ரே, வாலின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதி வருவது. ஜோடியை வாலிலிருந்து இரண்டடி முன்னால் நிறுத்தி அபெர்ச்சரைத் திறந்தால் மங்கிப் போய்விடும்.

புதுக்கண் | 6 ஆகஸ்ட், இரவு 7.55

அப்படியென்றால் எலக்ட்ரானிக் ஷட்டர் எதற்குத்தான்? ஆர்6 மார்க் 2 நொடிக்கு 40 படம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே.

எழுபது_இருநூறு | 6 ஆகஸ்ட், இரவு 8.20

பறவைக்கு. கல்யாணத்தில் நொடிக்கு 40 என்றால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு ஆள் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். ரா என்றால் சுமார் 75 படத்தில் பஃபர் நிறையும், இரண்டு நொடி சொர்க்கம்.

கருப்புத்துணி | 6 ஆகஸ்ட், இரவு 9.10

சைலன்ட் ஷட்டர் என்று விற்பார்கள். நாகஸ்வரம், தவில், கெட்டிமேளம் எல்லாம் சேர்ந்து முழங்குகிற இடத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது! சர்ச் கல்யாணத்துக்கும் நிச்சயதார்த்தப் பேச்சுக்கும் வேண்டுமானால் ஆகும்.

எலக்ட்ரானிக்கில் தவிலை எடுத்துப் பாருங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் வேகமாக இறங்கும்போது சாய்ந்து இழுபடும், இந்தப் பக்கம் குச்சி வாழைத்தண்டு நார்போல வளைந்து நிற்கும். சென்சார் மேலிருந்து கீழே வாசிப்பதற்குள் குச்சி இடம் மாறிவிடுகிறது, அதுதான் காரணம். ஆர்6 மார்க் 2-இல் கொஞ்சம் வளைவு, ஆர்50-இல் நிறைய. ஒரே மருந்து: எலக்ட்ரானிக்கை அணைப்பது.

இன்னொன்று, எலக்ட்ரானிக் ஷட்டரில் இரண்டிலும் ஃப்ளாஷ் அடிக்காது. மேடையில் திடீரென்று ஃப்ளாஷ் செத்துவிட்டது என்றால் பேட்டரியைப் பிடுங்குவதற்கு முன் ஷட்டர் மோடைப் பாருங்கள்.

அரைஸ்டாப் | 7 ஆகஸ்ட், காலை 9.00

ஃப்ளாஷ்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆர்50 தலைல பழைய ஸ்பீட்லைட் (கேனன் ஃப்ளாஷ்) வெச்சா பேசவே பேசாது. ஷூவுல (ஃப்ளாஷ் மாட்டுற இடம்) பழைய பின்கள் கிடையாது, புது மல்டி ஃபங்ஷன் காண்டாக்ட் மட்டும்தான். ஏடி-ஈ1 அடாப்டர் தனியா வாங்கணும். கடையில கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க. ஆர்6 மார்க் 2-ல ரெண்டு விதமும் இருக்கு.

கருப்புத்துணி | 7 ஆகஸ்ட், காலை 10.45

நல்ல வேளை சொன்னீர்கள். பட்ஜெட் போடும்போது அடாப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்50-இல் முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. முதல் திரை எலக்ட்ரானிக், பின் திரை மட்டும் நிஜம், உச்சம் 1/4000. மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/16-க்கு 1/100 என்று வைத்துக்கொண்டால், எஃப்/2-க்கு 1/6400, எஃப்/1.4-க்கு 1/12800 வேண்டும். ஆர்50 எஃப்/2.5 அருகிலேயே நின்றுவிடும். ஆர்6 மார்க் 2-உம் 1/8000-இல் எஃப்/1.8 வரைதான். இரண்டுக்குமே என்டி8 ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் கண்ணாடி) ஒன்று பையில் இருந்தால் முடிந்தது.

ஃபில்டர் இல்லாமல் 1/4000-இல் எஃப்/1.4 திறந்து எடுத்தால் ஆர்50-இல் இன்னொரு வம்பு: பின்னணி ஒளி வட்டங்கள் ஒரு பக்கம் கத்தியால் சீவியதுபோல் வரும். எலக்ட்ரானிக் திரை சென்சார் மேலேயே இருக்கிறது, நிஜத் திரை அதற்குக் கொஞ்சம் முன்னால். அந்த இடைவெளிதான் வட்டத்தைச் சீவுகிறது. 1/1000-க்குக் கீழே கண்ணுக்குத் தெரியாது. ஆர்6 மார்க் 2-இல் முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எழுபது_இருநூறு | 7 ஆகஸ்ட், இரவு 10.30

ஐபிஐஎஸ் (கை நடுக்கத்தைப் பாடிக்குள்ளேயே ஈடுகட்டும் வசதி) பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்6 மார்க் 2-இல் 8 ஸ்டாப் வரை. ஆர்50-இல் பூஜ்யம்.

கருப்புத்துணி | 8 ஆகஸ்ட், காலை 7.50

கோயில் கோபுரம் நகராது, அரை நொடி கையில் பிடிக்கலாம். மாப்பிள்ளை நகர்வார். ஆள் அசைவை நிறுத்த 1/160 வேண்டும், அந்த வேகத்தில் ஐபிஐஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டில் படத்தில் பெரிய மாற்றமில்லை.

வீடியோவில் கதை வேறு. ஆர்50-க்கு நாம் எல்லோரும் சிபாரிசு செய்யும் சிக்மா 18-50 எஃப்/2.8-இல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. பாடியிலும் கிடையாது. கையில் பிடித்து வீடியோ எடுத்தால் ஒவ்வொரு அடியும் தெரியும். டிஜிட்டல் ஐஎஸ் போட்டால் ஓரத்தை வெட்டும். ஆக கிம்பல் (ஆட்டத்தைச் சமாளிக்கும் கைப்பிடி), இல்லையேல் கிட் லென்ஸ். அதில் ஐஎஸ் இருக்கிறது, ஆனால் எஃப்/6.3. வீடியோவும் சேர்த்து எடுக்கிறவர் என்றால் 4கே 60, சி-லாக் 3 (பிறகு நிறம் திருத்த வசதியான வீடியோ முறை), ஹெட்ஃபோன் ஜாக் எல்லாம் ஆர்6 மார்க் 2-இல்தான். ஆர்50 4கே 30-உடன் சரி, மைக் மட்டும் செருகலாம். எச்டிஎம்ஐ இரண்டிலுமே அந்தப் பாழாய்ப்போன மைக்ரோ சைஸ். கேபிளில் யாராவது கால் தடுக்கினால் சாக்கெட் போச்சு, இதில் ஏழை பணக்காரன் வித்தியாசமில்லை.

ஃபங்கஸ் | 8 ஆகஸ்ட், மதியம் 2.15

ஆர்6 மார்க் 2 புரொஃபஷனலா? கேனன் கணக்கில் புரொஃபஷனல் என்றால் ஆர்3, 2024 ஜூலையில் அறிவித்த ஆர்1. அடுக்கடுக்காகக் கட்டிய சென்சார், வாசிப்பு வேகம் வேறு உலகம். அந்த ஆர்1-உம் 24.2 மெகாபிக்சல்தான் என்பதைப் புதுக்கண் கவனிக்கவும்.

கருப்புத்துணி | 8 ஆகஸ்ட், மாலை 4.40

அது ஒலிம்பிக் மைதானத்துக்கான கேமரா. நம்மூர் மணவறையில் இன்று வேலை செய்வது ஆர்6 ரகமும் அதன் நிகர் சோனிகளும்.

ஆனால் மெகாபிக்சல் பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஆர்50-உடன் சேர்த்து கேனன் ஆர்8-ஐ அறிவித்தது. அதற்குள் இருப்பது ஆர்6 மார்க் 2-இன் அதே 24.2 ஃபுல் ஃப்ரேம் சென்சார். படத்தைத் தனியாக வைத்தால் பிரிக்க முடியாது. விலையோ எவ்வளவோ குறைவு. என்ன எடுத்துவிட்டார்கள் என்று பாருங்கள்: ஐபிஐஎஸ் இல்லை, ஒரே ஸ்லாட், ஆர்50-இன் அதே எல்பி-ஈ17 பேட்டரி, ஜாய்ஸ்டிக் இல்லை, முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. ஆர்8-க்கும் ஆர்6 மார்க் 2-க்கும் நடுவே நீங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் வேலை நடுவில் நிற்காமல் இருப்பதற்கான கூலி. படத்துக்காக அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

அதே காரணத்தால், ஸ்டுடியோவில் குழந்தைப் படம், பாஸ்போர்ட், பொருள் படம் எடுக்கிறவர் இந்தக் கூலியைக் கொடுப்பது வீண். கார்டு போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கருப்புத்துணி | 8 ஆகஸ்ட், மாலை 5.05

பேட்டரி: எல்பி-ஈ17 1040 எம்ஏஎச், எல்பி-ஈ6என்எச் 2130. காலை நலங்கு முதல் இரவு ரிசப்ஷன் வரை ஓட ஆர்50-க்கு நான்கு, ஆர்6 மார்க் 2-க்கு இரண்டு.

டயல்: ஆர்50-இல் ஒன்றே ஒன்று. மேனுவலில் ஷட்டருக்கும் அபெர்ச்சருக்கும் நடுவே பட்டனைத் தட்டித் தட்டித் தாவ வேண்டும். ஆர்எஃப் 50 எஃப்/1.8 வைத்திருந்தால் பக்கத்து ஸ்விட்சை கன்ட்ரோல் பக்கம் தள்ளி, மெனுவில் அந்த வளையத்தை அபெர்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள், பாதி எரிச்சல் தீரும். ஆர்6 மார்க் 2-இல் மூன்று டயல், ஜாய்ஸ்டிக், போதாததற்கு சி1 சி2 சி3. மணவறை ஒன்று, மேடை ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு திருகில் எல்லாம் மாறும்.

எழுபது_இருநூறு | 9 ஆகஸ்ட், காலை 6.45

நான் சொன்னது மாறவில்லை. ஒற்றை ஸ்லாட்டோடு மணவறை ஏறக் கூடாது.

கருப்புத்துணி | 9 ஆகஸ்ட், காலை 9.30

ஒற்றை பாடியோடு ஏறலாமா? கார்டு சாவதைவிடக் கேமரா கீழே விழுவதுதான் அடிக்கடி நடக்கிறது. குழந்தைகள் ஓடும் மண்டபம், தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். இரண்டு ஸ்லாட் உள்ள ஒரே ஆர்6 மார்க் 2 விழுந்தால் கையில் இரண்டு கார்டு இருக்கும், கேமரா இருக்காது.

அதே பணத்துக்கு இரண்டு ஆர்50, ஒன்றில் 18-50 எஃப்/2.8, இன்னொன்றில் 56 எஃப்/1.4. லென்ஸைக் கழற்றவே வேண்டாம், ஹோமப் புகையும் தூசியும் சென்சாருக்குப் போகாது. ஒரு கார்டு போனாலும் அதே நேரத்தின் படங்கள் அடுத்ததில் கொஞ்சமாவது இருக்கும். முழு பேக்கப் இல்லை என்பது உண்மை. இரண்டாவது வழி, பழைய ஆர்6 செகண்ட் ஹாண்டில். 2020 மாடல், 20.1 மெகாபிக்சல், ஐபிஐஎஸ், இரண்டு யுஎச்எஸ்-2 ஸ்லாட். அதைப் பிரதானமாகவும் ஒரு ஆர்50-ஐத் துணையாகவும் வைத்தால் எழுபது_இருநூறு அண்ணன் கோபமும் ஆறும். ஒன்று கவனம்: ஆர்50-க்கு வாங்கிய ஆர்எஃப்-எஸ் (சின்ன சென்சாருக்கான) லென்ஸை ஆர்6-இல் மாட்டினால் தானாக க்ராப் ஆகி எட்டு மெகாபிக்சலுக்குக் கீழே இறங்கிவிடும்.

எழுபது_இருநூறு | 9 ஆகஸ்ட், காலை 10.10

பழைய ஆர்6 + ஆர்50. இதற்குச் சம்மதம். செகண்ட் ஹாண்டில் வாங்கும்போது எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சென்சார் அழுக்கு, கீறல் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எழுதிப் பார்க்கவும்.

ஃபங்கஸ் | 9 ஆகஸ்ட், மதியம் 1.00

ஆர்50-க்கு மழை, தூசி சீல் கிடையாது. ஆர்6-க்கு உண்டு, அதை நம்பி மஞ்சள் நீராட்டில் முன்வரிசையில் நிற்க வேண்டாம். ஏசி மண்டபத்திலிருந்து சட்டென்று வெளியே வந்தால் லென்ஸ் முகத்தில் பனி படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு எடுங்கள். வீட்டில் ட்ரை கேபினெட் 40-50 சதவீத ஈரப்பதத்தில். என் பெயர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

புதுக்கண் | 11 ஆகஸ்ட், இரவு 8.30

முடிவு செய்த பட்டியல்: பழைய ஆர்6 ஒன்று, ஆர்50 ஒன்று, பழைய இஎஃப் லென்ஸ் மாட்ட இஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டரும் அதற்கு மாமாவிடம் சும்மா கிடக்கும் இஎஃப் 24-70 எஃப்/2.8-உம், ஆர்50-க்கு சிக்மா 56 எஃப்/1.4, ஏடி-ஈ1 ஒன்று, என்டி8 ஒன்று, 64 ஜிபி கார்டு ஐந்து. ஏதாவது விட்டேனா?

கருப்புத்துணி | 11 ஆகஸ்ட், இரவு 9.05

மாமா லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு ஐந்தில் ஆர்6-க்கானவை நான்கு, ஒரே ரகம், யுஎச்எஸ்-2. ஆர்50-க்கானது யுஎச்எஸ்-1 போதும், ஆனால் ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள்.

முகூர்த்தத்துக்கு முன் இரண்டு பாடியின் கடிகாரத்தையும் நொடிவரை ஒன்றாக்குங்கள். மூன்று நிமிடம் முன்பின் இருந்தால் லைட்ரூம் மென்பொருளில் நேர வரிசைப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு கன்னிகாதானம் வரும். ஒயிட் பேலன்ஸை இரண்டிலும் கெல்வினில் ஒரே எண்ணாகப் பூட்டிவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் பட்டுப் புடவை இரண்டு நிறத்தில் வரும்.

அரைஸ்டாப் | 11 ஆகஸ்ட், இரவு 9.20

ரெண்டு கேமராலயும் ஃபைல் பேரு ஒண்ணா வந்துட்டா வம்பு. ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணி 'ரீப்ளேஸ்' அமுக்கிடாதீங்க தம்பி. பாடிக்கு ஒரு ஃபோல்டர்.